ஜோதிக்குச் சரியாகுமா?

ஷூ கம்பெனியின் கவுன்சிலிங் அறையில், அமிர்தவள்ளி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"எம் பொண்ணு ஜோதி, மேடம். இங்கதான் தையல் செக்‌ஷன். ராத்திரியெல்லாம் முழிச்சிருப்பா. காரணமே இல்லாம அழுவா. நெஞ்சு படபடங்குதும்பா."

"எத்தனை மாசமா?" கவுன்சிலர் சௌந்தர்யா கேட்டாள்.

"ஆறு மாசம். உங்களைப் பாக்கணும்னு அவளே கேட்டா. நான்தான் விடல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் மாதனூர்லேர்ந்து இதே கம்பெனி பஸ்லதான் வேலைக்கு வர்றாங்க. பொண்ணுக்கு இன்னா கோளாறுன்னு பஸ்லயே பேசுவாங்க. சம்பந்தம் போய்டும்னு பயந்துட்டேன்."

"கோளாறெல்லாம் இல்லம்மா. நிறைய பேருக்கு வர்றதுதான்."

"சரியாகுமா, மேடம்?"

"கண்டிப்பா. வாரம் ஒருதடவை வந்து பேசணும். தேவைப்பட்டா டாக்டர் மாத்திரை தருவார். இதே நாற்காலியில அழுதவங்க எத்தனையோ பேர் இன்னிக்குச் சிரிச்சிட்டு வேலை செய்றாங்க. நாளைக்கே ஜோதியைக் கூட்டிட்டு வாங்க."

அமிர்தவள்ளியின் முகம் வெளுத்தது.

"நேத்துதான் மேடம், அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுது."

சௌந்தர்யா பேனாவைக் கீழே வைத்தாள்.

"யார் இன்னா செஞ்சிருந்தாலும் அவளைக் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு, உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."