பம்பரில் காய்ந்த வாக்ஸ்

ஞாயிறு பூசை முடிந்து வந்த எமில்டா, கட்டடத்தின் பின்பக்கக் கார் தரிப்பிடத்தில் அதே கட்டடத்துக் குலசிங்கம் முழங்காலில் நிற்பதைக் கண்டாள்.

கையில் பழைய ரூத்பிரஷ். பக்கத்தில் சவர்க்காரத் தண்ணி வாளி. காரின் கறுப்புப் பம்பரைப் பல் தீட்டுவதுபோலத் தீட்டிக்கொண்டிருந்தார்.

மோர்னிங்சைட்டில் இருந்த அந்தக் கட்டடத்துக்கு எமில்டா குடிவந்தது தொண்ணூற்றாறு தை மாதம். வந்த அன்றைக்கே அந்தக் காரைக் கவனித்துவிட்டாள். சாம்பல் நிற உடம்பில் குறையொன்றும் இல்லை. ஆனால் பம்பரிலும், கதவோரக் கறுப்புப் பட்டிகளிலும், பக்கக் கண்ணாடிக் கூட்டிலும் மினுக்கப் பூசிய வாக்ஸ் வெள்ளை வெள்ளையாக அப்பிக் காய்ந்து கிடந்தது.

மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், வாடகைக் கார்களைக் கழுவித் துடைப்பதுதான் அவளுடைய வேலை. கறுப்புப் பிளாஸ்ரிக்கில் ஒரு வெள்ளைக் கோடு மிஞ்சினாலும் சுப்பவைசர் காரைத் திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் குலசிங்கத்தின் காரைக் கடக்கும்போதெல்லாம் அவளுக்குக் கை துருதுருக்கும்.

காரைவிட ஆளைத்தான் பிடிக்காது.

மூன்றரை மாதத்தில் ஒருநாள்கூட அவர் முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. லிப்டில் இவள் தமிழில் ஏதாவது கேட்டால், மாறுகிற இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மண்டைக்கனம் பிடித்த மனுசன் என்று கணவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

இன்றைக்கு அவர் சிரித்தார்.

"தங்கச்சி, உது போகுதில்லையே," என்றார், நெடுநாள் பழகியவர்போல. "ஈரமா இருக்கேக்கை போனமாதிரித்தான் இருக்கு. காய்ஞ்சோடனை திரும்பி வருது."

எமில்டாவுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"சவர்க்காரத்துக்கு உது அசையாது அண்ணை. நில்லுங்கோ, வாறன்."

மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய், நிலக்கடலையில் அரைத்த பீநட் பட்டர் போத்தலும் கிழிந்த பெனியன் ஒன்றுமாகத் திரும்பி வந்தாள். பூசைக்கு உடுத்த சேலையும் மேலே போட்ட குளிர் கோட்டும் அப்படியே இருந்தன.

அவர் போத்தலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"உது பாணுக்கெல்லோ பூசுறது?"

"பாணுக்கும் பூசலாம். கச்சான் எண்ணெய்க்குத்தான் வாக்ஸ் இளகும்."

கச்சான் துண்டு இல்லாத, மழமழவென்ற சாதி அது. ஒரு விரல் அளவு எடுத்துப் பம்பரின் மூலையில் பூசினாள். கொஞ்சம் ஊறவிட்டாள். பிறகு ரூத்பிரஷை வாங்கி, பிளாஸ்ரிக்கின் சொரசொரப்புக்குள் இறங்கும்படி சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தாள். பெனியனால் வழித்துத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சவர்க்காரத் தண்ணியால் ஒருமுறை கழுவினாள்.

கறுப்பு தெரிந்தது.

இருவரும் அது காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள். சித்திரை மாத வெயில் மெல்லிய சூடுதான். ஓரத்திலிருந்து ஈரம் வற்றி வற்றி வந்தது.

வெள்ளை திரும்பி வரவில்லை.

குலசிங்கம் நீளமாக ஒரு மூச்சு விட்டார். கண்கள் நனைந்திருந்தன. ஒரு பம்பருக்குப் போய் அழுகிற மனுசனைப் பார்த்து எமில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டே விட்டாள்.

"இப்பிடி இறுகிற வரைக்கும் ஆரும் விடுவினமே அண்ணை? பூசின கையோடை துடைக்கிறேல்லையே?"

"உடம்பைத் துடைச்சிட்டு உதுகளைத் துடைக்கத்தான் துணி எடுத்தனான்." அவர் பம்பரின் மற்ற மூலைக்கு நகர்ந்து, போத்தலுக்குள் விரலை விட்டார். "அப்பதான் மேல்மாடியிலையிருந்து கூப்பிட்டுச் சொன்னாங்கள், யாழ்ப்பாணச் சனம் முழுக்க ஒரே ராத்திரியிலை வெளிக்கிட்டிட்டுதெண்டு. மனிசியும் பிள்ளையள் ரெண்டும் அங்கை."

எமில்டாவின் கை நின்றது.

அது போன ஒக்ரோபர் கடைசி. ஆறு மாதம்.

அவர்களுக்கு என்ன ஆனதென்று கேட்கப் பயமாக இருந்தது.

அவர் குனிந்து தேய்த்தபடியே சொன்னார்.

"இண்டைக்கு விடிய மனிசி கொழும்பிலையிருந்து ரெலிபோன் எடுத்தவ. மூண்டு பேரும் வந்து சேர்ந்திட்டினம். கதைச்சு வைச்சாப்பிறகு வீட்டுக்குள்ளை இருக்க முடியேல்லை. கீழை வந்தன். இண்டைக்குத்தான் தங்கச்சி, உந்த வெள்ளை என்ரை கண்ணிலை பட்டது."

எமில்டா கோட்டின் கையால் கன்னத்தைத் துடைத்தாள். "பிள்ளையள் கதைச்சவையே?"

"சின்னவள் ஏச்சு. ஆறு மாசமா ஏன் ஒரு ரெலிபோன் எடுக்கேல்லையெண்டு."

ஏச்சு வாங்கியதை அவ்வளவு பெருமையாகச் சொன்ன ஒருவரை எமில்டா அதுவரை கண்டதில்லை.

அவள் கோட்டைக் கழற்றிக் காரின் மேல் போட்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்கதவுப் பட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள்.