ஜன்னலுக்கு வெளியே டெய்சி

பாலை நிலமான நமக்வாலாந்தில் மழை பொய்க்காத வருடம் அது. வறண்ட மணலில் கிரீட் விதைத்த காட்டு டெய்சி, நடமாட முடியாத கணவன் யாஸ்பரின் ஜன்னலுக்கு வெளியே ஆரஞ்சு நிறத்தில் பூத்துக் கிடந்தது.

"சாகறதுக்குள்ள ஒரு தடவ பூவப் பாக்கணும்னாரு. அதான்க்கா."

"நீதான்டி பொண்டாட்டி," என்று நெகிழ்ந்த பக்கத்து வீட்டு சன்னா, அவரைப் பார்க்க கிரீட்டோடு உள்ளே போனாள்.

கட்டிலருகே நின்று வெளியே பார்த்தாள். வெயில் பக்கம் திரும்பியிருந்த பூக்கள், ஜன்னலுக்கு வெளிறிய முதுகை மட்டுமே காட்டின. யாஸ்பரின் கண்கள் கலங்கியிருந்தன.

"பக்கம் மாத்தி விதைச்சிட்டியேடி. எதிர்ப்பக்க ஜன்னலுக்கு வெளிய விதைச்சிருந்தா இவரப் பாத்துப் பூத்திருக்கும்."

"தெரியும்க்கா." கிரீட் கணவனின் போர்வையை இதமாக இழுத்துவிட்டாள். "கல்யாணமான நாள்லேர்ந்து நான் இவர் முதுகப் பாத்துத்தான் படுத்திருக்கேன். இன்னும் கொஞ்ச நாள்தானே, இவரும் பாக்கட்டும்."