வயரை அறுத்தவன்

முன்பல் விழுந்த பிறகும் கைலாசம், "நான் அறுக்கல லே" என்றுதான் சொன்னான். எஸ்றாவுக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. சட்டையைப் பிடித்துத் தூக்கி, தச்சநல்லூர் டீக்கடைச் சுவரில் சாத்தி, மூக்கிலேயே ஒரு குத்து விட்டான்.

இருவருமே இன்டர்நெட் லைன்மேன்கள், கம்பெனிதான் வேறு வேறு. இத்தனை நாள் அவர்கள் வாயால் மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுபின் வீட்டு லைன் வந்துதான் கையை ஓங்க வைத்தது.

சுபின் வீட்டிலேயே உட்கார்ந்து பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்ப்பவன். அவன் வீட்டு வயரை யாரோ திரும்பத் திரும்பக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முறை அறுந்தால் உனக்கு வேலை கிடையாது என்று எஸ்றாவின் மேனேஜர் அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பெண்டாட்டி பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவன் எங்கே போவான்?

கைலாசத்தின் மேல் சந்தேகம் வந்ததில் நியாயம் இருந்தது. அந்த வீட்டில் முதலில் போய்ப் பேசியவன் அவன்தான். பாதி விலைக்குத் தருகிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டும், சுபினின் மனைவி ஃபெபி எஸ்றாவின் கம்பெனியைத்தான் பிடித்தாள்.

கனெக்‌ஷன் கேட்டு எஸ்றாவின் ஆபீசுக்கு வந்த அன்று வேகம் எவ்வளவு, என்னென்ன படம் வரும் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. லைன் போனால் எப்போது வருவீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

"நீங்க போனே பண்ண வேண்டாம்க்கா," என்று எஸ்றா பெருமையடித்தான். "லைன் போனா எங்க கம்ப்யூட்டர்ல தெரிஞ்சிரும். அரை மணியில ஆளு வீட்டுக்குள்ள நிப்பான்."

போனே பண்ண வேண்டாமா என்று இன்னொரு தரம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். அதன்பிறகு அவன் போகும்போதெல்லாம், வேலை முடிந்தாலும் இன்னும் கொஞ்சம் பாருங்கண்ணே என்று நிறுத்தி வைப்பாள். புருஷன் வேலையில் எவ்வளவு அக்கறை என்று எஸ்றா நினைத்துக்கொள்வான்.

கைலாசத்தின் வயிற்றில் முழங்காலை இறக்கப்போன நேரத்தில் எஸ்றாவின் போன் அடித்தது. சுபின் வீட்டு லைன் மறுபடியும் போய்விட்டது, இப்போதுதான் போனது என்றார்கள் ஆபீசில்.

கைலாசம் இங்கே கையில் சிக்கியிருக்கிறான் என்றால், கூட்டாளி எவனோ அங்கே நிற்கிறான். கோபம் தலைக்கேறியவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? "அவன் கைய முறிச்சிட்டு வந்து உன்னய பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி, பைக்கில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு பறந்தான்.

வாசலில் சுபின் வழிமறித்து வாய்க்கு வந்தபடி ஏசினான். பைக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தவன் எஸ்றா, மூச்சு வாங்கியதோ சுபினுக்கு. எஸ்றா கம்பியோடு பின்பக்கம் பாய்ந்தான்.

அங்கே எவனும் இல்லை. அடுப்படி ஜன்னலை ஒட்டி வயர் இரண்டு துண்டாகக் கிடந்தது. பின்வாசலில் ஃபெபி சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் பார்வை எஸ்றாவின் கைமுட்டியில் காய்ந்திருந்த ரத்தத்தில் நின்றது. என்ன இது என்று கேட்டாள்.

"இனி பயப்படாதீங்கக்கா. வயர அறுக்குத பயல் பல்ல உடைச்சிட்டுத்தான் வாரேன்."

ஃபெபி தலைப்பைக் கீழே இறக்கினாள். உதடு கிழிந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடியே போயிருந்தது. உள்ளேயிருந்து சுபின் வரும் சத்தம் கேட்க, அவசரமாக, தணிந்த குரலில் சொன்னாள்.

"அறுத்தது நாந்தாண்ணே. எம் போனை அவிய பறிச்சி வச்சிருக்காவ, உங்கள வேற எப்படிக் கூப்பிட?"