சிலந்தி இல்லாத படங்கள்

“சிலந்தியே இல்லாத படத்துக்கெல்லாம் யாரோ சிலந்தின்னு டேக் போட்டு வெச்சிருக்காங்க,” என்றார் மேலாளர் ஸ்த்ராவ்கோ, திரையைத் தட்டிக் காட்டி. ரலீத்சா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த யாரோ அவள்தான்.

ஓவியங்களைப் பகிரும் அந்த இணையதளத்தில், படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் டேக்குகளைச் சரிபார்ப்பதுதான் அவள் வேலை. நல்லவேளை, ஆள் யாரென்று அவர் தோண்டவில்லை. “சாயங்காலம் புது மெஷினை ஓட விடுறோம். படத்துல இல்லாததுக்கு டேக் இருந்தா அதுவே எடுத்துடும்,” என்றதோடு விட்டுவிட்டார்.

வேலை போனால்கூட அவளுக்குக் கவலையில்லை. பயம் வீட்டில் இருந்தது.

மகள் யோவானா காய்ச்சலில் போன பிறகு, புருஷன் பிளாமன் ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிமேல் ஏறி நின்றவன். யாரோ இரண்டு பேர் இழுத்து வந்து வீட்டில் விட்டார்கள். அன்றிலிருந்து மகள் பெயரை அவள் அவனிடம் எடுத்ததில்லை. இறந்தவர் படம் போட்டு எல்லார் வாசலிலும் வருடாவருடம் ஒட்டும் நினைவுத்தாள்கூட அவர்கள் கதவில் ஒட்டவில்லை.

ஆனால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ரலீத்சா மகளை ஒரு வயது கூட்டி வரைந்து அந்தத் தளத்தில் தன் பக்கத்தில் போட்டாள். முகம் தெரியாதவர்கள் ‘நல்லா வளர்ந்துட்டாளே’ என்று எழுதுவார்கள்; அதைப் படிக்கத்தான் போட்டாள்.

பிளாமனும் அந்தத் தளத்தைத் தினமும் பார்ப்பவன். சிலந்தி என்றால் மட்டும் அவனுக்கு உதறல். சிலந்தி டேக் உள்ள எதுவும் கண்ணில் படாதபடி அவன் போனில் அவளே மறைப்புப் போட்டுக் கொடுத்திருந்தாள். அந்த மறைப்புக்குப் பின்னால்தான் யோவானா பத்திரமாக வளர்ந்தாள்.

படங்களை அழித்துவிடலாம்தான். பஸ்ஸில் வரும்போது விரல் அதுவரை போனது. மகளை இன்னொரு முறை புதைக்க மனசு வரவில்லை.

வீட்டில் பிளாமன் பீன்ஸ் சூப்பைச் சுடவைத்துக்கொண்டிருந்தான். காலையில் எவனோ காலெல்லாம் மயிரோடு ஒரு சிலந்தியை வரைந்து போட்டிருந்தானாம், பார்த்ததிலிருந்து சாப்பாடே இறங்கவில்லை என்று புலம்பினான். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. மெஷின் இந்நேரம் ஓடி முடிந்திருக்கும்.

சாப்பிட உட்கார்ந்ததும் அவன் போனை எடுத்தான். தள்ளிக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்றது.

ரலீத்சா எழுந்துபோய் வாசல் கதவை மறித்து நின்றுகொண்டாள்.

“எங்கயும் போயிடாதே, பிளாமன். சிலந்தின்னு பொய் சொன்னது நான்தான்.”

“தெரியும். அந்த மறைப்பை நான் எடுத்து வருஷக்கணக்காச்சு.” அவன் போனை அவள் பக்கம் திருப்பினான்.

“இந்த வருஷம் ஏன் பொண்ணோட முடியைக் கத்தரிச்சுட்டே?”