கட்டிக்குப் பட்டினி

மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியவளுக்குப் பகீரென்றது.

மருத்துவமனை வராந்தாவில் அவள் புருஷன் வாய் நிறையக் கேக் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் டப்பாவும் கையுமாக அவருடைய தங்கை.

"அடிப்பாவி! புற்றுநோய்க்குச் சர்க்கரைன்னா உயிர். அதைப் பட்டினி போட்டே கொல்லணும்னு வீட்டுல பொட்டு இனிப்பு இல்லாம துடைச்சு வச்சிருக்கேன். நீ அண்ணனுக்கு உலை வைக்கிறியா?"

"அது வந்து அண்ணி..."

"பேசாதே! முதல் மருந்துக்கு மசியாத கட்டி, இப்பத்தான் சுருங்க ஆரம்பிச்சிருக்கு. எல்லாம் என் பத்தியம். வா, டாக்டர்கிட்டயே கேட்டுடுவோம்."

உள்ளே டாக்டர் புருஷனுடைய எடையைப் பார்த்து முகம் மலர்ந்தார். "இந்தத் தடவை குறையலை. இன்னைக்கே மருந்து ஏத்திடலாம். குறைஞ்சிருந்தா தள்ளிப் போட்டிருப்பேன்."

அவள் கேக் விவகாரத்தை மூச்சுவிடாமல் கொட்டினாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

"கட்டி சர்க்கரையை அள்ளித் திங்கும், உண்மைதாம்மா. ஆனா நீங்க நிறுத்தினா, உடம்பே அதுக்குச் சர்க்கரை தயார் பண்ணிக் கொடுத்துடும். பத்தலைன்னா கொழுப்பு, புரதம்னு கிடைச்சதைத் திங்கும். அப்படி மாத்தி மாத்திப் பிழைக்கத் தெரிஞ்சதாலதான் சில மருந்துக்கு டிமிக்கி கொடுக்குது. உங்க பட்டினியில இளைச்சுப் போறது இவர்தான். கட்டியைச் சுருக்குறது மருந்து. அதைத் தாங்க இவருக்குத் தெம்பு வேணாமா?"

அவள் முகம் சுண்டிப்போனது. "இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா டாக்டர்?"

"போன மாசமே இவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேனே!"

அவள் திரும்பினாள். அண்ணன் கூரையைப் பார்த்தார். தங்கை தரையைப் பார்த்தாள்.

"கூட்டுக் களவாணிங்களா! ஏன் என்கிட்ட சொல்லலை?"

புருஷன் உதட்டோரம் ஒட்டியிருந்த கேக் துகளைத் துடைத்துக்கொண்டார்.

"கட்டின்னு தெரிஞ்சதுலேர்ந்து நீ பொட்டுத் தூக்கம் தூங்கலை. அதைப் பட்டினி போட ஆரம்பிச்ச அன்னைக்குத்தான் குறட்டை விட்டே. அதான், 'மாட்டிக்கிட்டா திட்டை நான் வாங்கிக்கிறேன், அண்ணி தூங்கட்டும்'னா இவ!"