தலையசைவில் ஒரு பிழை

தலைசுற்றலுக்காக ஊரே கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. பட்டைக்குள், தலை எந்தப் பக்கம் அசைகிறது என்று கண்டறியும் கடுகளவு ஜைரோஸ்கோப் சென்சார் ஒன்று இருக்கும். அதன் பிழைகளைத் திருத்தும் சர்க்யூட்டை வடிவமைத்தவள் பூங்கோதை. மனசாரத் தலையை ஆட்டினால் சர்க்யூட் விட்டுவிடும். தலை தன்னால் ஆடினால் பிழையென்று கண்டு பட்டையை இறுக்கி நிறுத்திவிடும். புதுச் சர்க்யூட்டை முதலில் மாட்டிப் பார்த்தது அவள் கணவர் தணிகாசலத்தின் கழுத்தில்தான்.

காலையில் காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள். "வில்லிவாக்கம் வீட்ட வித்துட்டு, கடல்ல மிதக்குற ஃபிளாட் ஒண்ணு வாங்கிடலாம். சரிதானே?"

தணிகாசலத்தின் தலை ஆடவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை.

"என்னங்க, காதுல விழுதா?"

"விழுது. எனக்கு இஷ்டமில்ல கோதை."

"இத்தன வருஷமா எது கேட்டாலும் சரின்னீங்களே!"

"நான் எங்க சொன்னேன்? தலைதான் அதுபாட்டுக்கு ஆடுச்சு."

பூங்கோதை பட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனாள். சர்க்யூட் அவள் நினைத்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. அதுதான் கோளாறு. மத்தியானத்துக்குள் சரிசெய்து, திரும்ப மாட்டிவிட்டாள்.

"இப்ப சொல்லுங்க. வித்துடலாமா?"

தணிகாசலம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டப் பார்த்தார். பட்டை அதைப் பிழையென்று தடுத்து, மேலும் கீழுமாக இரண்டு முறை அசைத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் பூங்கோதை புரோக்கருக்கு போன் போட்டுவிட்டாள்.

"அவரும் சரின்னுட்டாரு சார்."