கிளிஃபோர்ட் கற்ற மொழி

“வெல்ஷ் மொழி தெரியாம வேல்ஸ்ல எவனாவது பட்டினி கிடந்திருக்கானா? வயசான காலத்துல உனக்கு எதுக்குப்பா இந்த வேலை?” மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த கிளிஃபோர்டை மதுக்கடை வாசலில் மடக்கினார் டெரிக்.

“ஒரே ஒரு ஆள்கிட்ட பேசணும்டா. அவங்களுக்கு இங்கிலீஷ் வராது.”

“இந்த ஊர்ல இங்கிலீஷ் வராத ஆளா? யார்கிட்ட கதை விடுற!”

கிளிஃபோர்ட் வகுப்பை நோக்கி நடந்தார். இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து இங்கே குடிவந்த நாள் முதல், இங்கிலீஷே போதும் என்று அவரும்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் வகுப்பில் குழந்தையைப் போலத் திக்கித் திணறினார்.

பனி விலகிய ஒரு ஞாயிற்றுக்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போனார். ஜன்னலோரம் இருந்த நெஸ்டாவின் அருகில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சாப்பாடு ஆயிற்றா, குளிருகிறதா என்று வெல்ஷில் கேட்டார்.

நெஸ்டாவின் முகம் மலர்ந்தது. மறதி நோய் முதலில் தின்றது அவளுடைய ஆங்கிலத்தைத்தான். அதன்பின் அவர் எது பேசினாலும் மிரண்டு சுவரைப் பார்ப்பாள். இன்று மழை, ஆட்டுக்குட்டி, தேவாலயப் பாட்டு என்று பேசிக்கொண்டே போனாள். கிளிஃபோர்டுக்குப் பாதிதான் புரிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க வீட்டுக்காரர் கிளிஃபோர்ட் வர்ற நேரம். அவர் வந்ததும் நாம இங்கிலீஷுக்கு மாறிடணும், என்ன? நம்ம பேச்சு அவருக்குப் புரியாது, பாவம். காலமெல்லாம் வீட்டுல அப்படித்தான் நான் பார்த்துக்கிட்டேன்.”

“சரிங்க, மாறிடலாம்” என்றார் கிளிஃபோர்ட், வெல்ஷில்.